முட்டு

சொல்லுக்குப் பதினெட்டுக் காசு.
காலை ஒன்பதுக்குள் வேண்டுமாம்.
தெங்காவில் ஏதோ ஒரு வேலைத்தளம்,
மஞ்சள் பலகையில் ஒற்றை வரி.

முன்பு யாரோ எழுதியது:
‘அனுமதியின்றி ஆதரவை அகற்றாதீர்.’
படமும் அனுப்பியிருந்தார்கள்.
இருபதடிப் பள்ளம், இருபுறமும் இரும்புத் தகடு,
குறுக்கே ஓர் உத்தரம்,
அதில் சாய்ந்து சிரிக்கும் ஒருவர்.

தாங்கி என்று போட்டேன். அடித்தேன்.
தூணும் தாங்கும், பல்வலிக்காரனும் தாங்குவான்,
மனத்தோடு சேர்ந்தாலோ தாங்கலாகி
மூன்று வருடம் பேசாமல் கிடக்கும்.
நிறுத்து பக்கம் போகவே பயம்:
தூணை நிறுத்து என்றால் நடு,
வேலையை நிறுத்து என்றால் விடு.
பள்ளத்துக்குள் நிற்பவருக்கு
எது என்று யோசிக்க நேரமிருக்காது.
பேணல், ஓம்பல்,
இரண்டும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை,
சேறு படக்கூடாது.

தளத்துக்கே போன் அடித்தேன்.
எசக்கியப்பன் எடுத்தார், பின்னால் டிரில் சத்தம்.
“ஆதரவா? அது ஞாயித்துக்கெழம
ஊர்லேருந்து போன்ல வரும்க்கா.
இது முட்டு.”

மேசையின் அந்தப் பக்கம் குணாளன்,
ஏழாவது மாதமாக
அதே விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டு.
வீட்டுத் தவணை, மகளின் டியூஷன், மைலோ டின்
எல்லாம் என் கணக்கில் போகின்றன.
அதற்கு என்ன சொல் என்று
நானும் தேடவில்லை, அவனும் கேட்கவில்லை.
நேற்று மின்தூக்கியில் யாரோ விசாரிக்க,
“தள்ளிக்கிட்டிருக்கோம்” என்றான்.
கீழ்த்தளக் கண்ணாடிக் கதவுக்கு
அந்தச் சொல்லை நான்தான் எழுதிக் கொடுத்தேன்:
தள்ளவும்.
அன்று கதவைத் தவிர எதுவும் நினைவில் இல்லை.

பிழை பார்க்க மடிக்கணினியை
அவன் பக்கம் திருப்பினேன்.
வாய்விட்டுப் படித்தான்:
“அனுமதியின்றி முட்டை எடுக்காதே.”
நிமிர்ந்தான்.
“யார் வீட்டுக் கோழி?”

மகள் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்,
என்ன ஆச்சு இவர்களுக்கு என்று.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
பன்மையாக்கினேன்.
முட்டுகளை.

படத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றான்.
தெரியும் என்றேன்.