மல்லாத்தல்

ஃப்ரிட்ஜ் வந்த தெர்மாக்கோல் இறக்கையாச்சு.
அடிவயிற்றுக்கு, காதணி விழா ஃப்ளெக்ஸ்:
"அனைவரும் வருக" கிழியாமல் இருக்கிறது.
மோட்டார் மட்டும் புதுசு,
ஆயிரத்து நூறு.
வீட்டில் நானூறு என்றேன்.

கூத்தாநல்லூர் தாண்டி, உளுந்து பிடுங்கிய வயல்.
ஹாஜா ஒரு பிடி தூசியை விட்டுக்
காற்றைப் பார்க்கிறான்.
எறிகிறான்.

ஒரு சுற்று. மல்லாத்துகிறேன்.
வெண்ணாற்றுக்கு மேலே, வானத்தைப் பார்த்து
"அனைவரும் வருக".
மல்லாந்தபின் மேல் என்பது கீழ்;
குச்சியைத் தள்ளினால்தான் ஏறும்.
தெரியும்.
கட்டைவிரலுக்குத் தெரியாது.
இழுத்தது.

வெடித்த மண்ணில் மூக்கைச் செருகி
வால் நிற்கிறது.
"நடவு ஆச்சு" என்கிறான் ஹாஜா,
டேப்பைப் பல்லால் கிழித்தபடி.

அழைப்பை மதித்து
ஒரு பருந்து மட்டும் வந்து
வட்டமடித்துப் பார்க்கிறது,
ஒரு தடவைகூட மல்லாராமல்.

பேட்டரியில் இன்னும் மூன்று நிமிடம்.