அடி

பெர்த் நகர ஏலக்கடையின் பின்னறை.
காலுறைக்குள்ளிருந்து உருட்டி எடுத்தார்
குழாய் பழுதுபார்க்கும் டொர்க்வில்.
கண்ணாடிக்குள் நெருக்கியடித்த பூக்கள்;
ஒன்றின் நடுவே
அரிசியில் எழுதியதுபோல் 1848.

"ஆண்டே போட்டிருக்கு, பாருங்க."

இஷ்பெல் ஆண்டைப் பார்க்கவில்லை.
கவிழ்த்தாள்.
உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டினாள்.
மேசை மேசையாய் நகர்ந்த அடியில்
ஒரு கீறல் இன்னொன்றை மதிக்காது.
இதிலோ எல்லாம் ஒரே திசை:
உப்புத்தாள், அரைமணி வேலை.

"முரானோ. என்னைவிட இரண்டு வயது சின்னது."
"உங்களுக்கு எத்தனை?"
"காலுறையை மறந்துவிடாதீர்கள்."

கதவைத் திறந்தார்.
டே ஆற்றுக் காற்று புகுந்து
சீட்டுகளை அள்ளியது.
"வைங்க, வைங்க அதை!"
வைத்தார்.
ஒரு தாளும் அசையவில்லை.

நாற்பது பவுண்டு என்று எழுதத் தேடினாள்.
மதிப்புச் சீட்டு
அதற்கடியில் இருந்தது.