கீழ்ப்படி

பெண்டிமியர் ரோடு, ஏழாம் எண் அறை.
இங்கே எனக்கு வாய் உண்டு,
கருத்துக் கிடையாது.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது:
கூட்டாதே, குறைக்காதே, விளக்காதே.

மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனி, திரு. கோ.
பக்கத்தில் சூப்பர்வைசர் திருமாறன்.
பதினேழு வருடம் இந்த ஊரில்.
இன்று அவர் ஆங்கிலம் மட்டும் பேசுகிறார்.
இந்தப் பக்கம் சாரம் கட்டுகிறவர்,
ஊர் புள்ளம்பாடி,
பெர்மிட் முடிய ஒன்பது நாள்.
பெயர் அடைக்கலம்.

"பெயருக்குப் பொருள் உண்டா?"
அதிகாரி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.
அன்று என்னிடமே கேட்கப்பட்ட ஒரே கேள்வி.
உண்டு என்றேன்.
போக இடமில்லாதவர் ஒரு வாசலில் நிற்பது,
அந்த வாசல் திறப்பது,
இரண்டும் சேர்ந்து ஒரு சொல் என்றேன்.
அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

டெக்காவில் ஒரு கடையில்
ஐந்து வெள்ளி கொடுத்து எழுதிய கடிதம்.
'தாழ்மையுடன்' மூன்று இடத்தில்,
'கருணை கூர்ந்து' நடுவில்,
'பணிவன்புடன்' அடியில்.
கேட்டது நான்கு மாத ஓவர்டைம்,
ஆயிரத்து நூற்று எட்டு வெள்ளி.
அவருடைய பணம்.
மூன்றாவது தாழ்மையை நான் விழுங்கிவிட்டேன்.
குறைக்காதே என்ற விதி அங்கே போயிற்று.

பணி என்றால் வேலை.
பணி என்றால் குனி.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள்
யாரிடம் வேலை பார்த்தார்களோ.
ஆள் என்றால் நாட்டை ஆள்;
ஆள் என்றால் லாரிக்குப் பின்னால்
முட்டி மடக்கிப் பதினெட்டுப் பேர்.

நானும் ஓர் அட்டையோடு வந்தவள்தான்.
அதில் கணவர் பெயர், கீழே என் பெயர்,
அதற்கும் கீழே ஒரு சொல்.
இந்த வேலைக்கு வைத்த பரீட்சையில்
அதையே கொடுத்து, தமிழாக்குக என்றார்கள்.
'அண்டிப் பிழைப்பவர்' என்று எழுதி, அடித்து,
'சார்ந்திருப்பவர்' என்று மாற்றினேன்.
முழு மதிப்பெண்.

இதை ஏன் சொல்கிறேன்?
திருமாறன் சொன்ன சொல்லுக்கு வர வேண்டும்.
பன்னிரண்டாம் தேதி, துவாஸ், பதினோராம் தளம்.
ஊழியர் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை.
அப்படித்தான் தமிழில் சொன்னேன்,
வேறு சொல் வரவில்லை.

அதுவரை மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்தார்.
"எந்தப் படிங்க?

மானம் கறுத்துருச்சு. மின்னல் விளக்கு சுத்துது.
சுத்தி எல்லாம் இரும்புக் கம்பி.
அண்ணன் கீழ நின்னுக்கிட்டு
மேலயே இரு, மேலயே இருங்கிறாரு ரேடியோவுல.
நான் எறங்கிட்டேன்.
ஒவ்வொரு படியா எறங்கி
கீழ்ப்படிக்கு வந்துட்டேங்க.
அதுக்குப் பேரா கீழ்ப்படியாதது?"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை அவர்.
எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
திருமாறன் மட்டும் தன் பூட்ஸைப் பார்த்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்:
இறங்கி வந்ததாகச் சொல்கிறார்.
"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்"
என்றார் திரு. கோ.

இடைவேளை.
தண்ணீர் இயந்திரத்தின் அருகே,
குவளை நிரம்பி வழிய,
திருமாறன் தமிழில் பேசினார்:
"விளக்கு சுத்துனது எனக்கும் தெரியும் தங்கச்சி.
என் காதுலயும் ஒருத்தரு
ரேடியோவுல இருந்தாரு."

இடைவேளையில் கேட்டதற்கு
மொழிபெயர்ப்பு கிடையாது.
அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மறுபடி உட்கார்ந்தோம்.
விளக்கு எரிந்ததா என்று
அதிகாரி திருமாறனைக் கேட்டார்.
அவருக்கு நன்றாகப் புரியும் ஆங்கிலத்தில்.

யாரும் கேட்காமல்
நான் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்,
அவர் முகத்தைப் பார்த்து:
"வெளக்கு எரிஞ்சுதாண்ணே?"

அதிகாரியின் பேனா நின்றது.
திரு. கோ என் பக்கம் திரும்பினார்.
அடைக்கலம் இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

திருமாறன் தொண்டையைச் செருமினார்.
எந்த மொழியில் வரப்போகிறது என்று தெரியாமல்
காத்திருந்தேன்.