கொட்டில் நோட்டு

மே ஒன்பது வரை அப்பாவின் கையெழுத்து.
ஆட்டின் எண், ஈன்ற நேரம், குட்டி எத்தனை.
ஏழுக்கு நடுவில் ஒரு சிறு கோடு போடுவார்.
217. அதிகாலை 2.40. இரண்டு. ஒன்று கருப்பு.
அதோடு நிற்கிறது.

ஆகுரெய்ரி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில்
அவர் போய்விட்டார்.
நாங்கள் திரும்பி வருவதற்குள்
கொட்டிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நாங்கள் ஏற்றிவிட்டுப் போன விளக்கு இல்லை.

நூற்றெண்பது செம்மறிகள் வயிறு கனத்து நின்றன.
ஈற்று நோவைத் தள்ளிப்போட
அவற்றுக்குத் தெரியாது.

அடுத்த வரி பென்சிலில்.
சாய்ந்த எழுத்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் குண்வோர்.
பிறகு பள்ளி வேன் ஓட்டும் ஸ்டெயின்தோர்:
தலை திரும்பியிருந்தது, கை விட்டு எடுத்தேன், பிழைத்தது.
பிறகு அவர் மகன். பதிமூன்று வயது.
குட்டிக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறான்,
அப்பா ஒருநாளும் வைத்ததில்லை.
ஒன்றுக்குத் தோர்கெல் என்று எழுதி
ரப்பரால் அழித்திருக்கிறான்.
அழித்தது நன்றாகவே தெரிகிறது.

மே இருபது, அடக்கம்.
அன்று மதியமும் நான்கு வரிகள் இருக்கின்றன.
தேவாலய வருகைப் புத்தகத்தில் இல்லாத இரண்டு பேர்
இதில் இருக்கிறார்கள்,
சீம்பால் காய்ந்த விரல் ரேகையோடு.

வீட்டுக்குள்ளோ உங்கள் பாத்திரங்கள்.
மீன் சூப் வந்த அலுமினியச் சட்டி,
ஆட்டுக்கறி வந்த பீங்கான், மூடி மட்டும் வேறு வீட்டுடையது.
எது யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.
கழுவிக் கழுவி ஜன்னலோரம் அடுக்குகிறாள்.
பத்திரிகையில் நன்றி அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்கிறாள்,
காகிதத்தை எடுக்கிறாள்,
எழுந்து போய் இன்னொரு சட்டியைத் தேய்க்கிறாள்.

மூன்று மணி முதல் ஆறு மணி வரை மட்டும் சிவப்பு மை.
பெயர் இல்லை. வெறும் எண்கள்.
அந்த எழுத்து எனக்குத் தெரியும்.
வேலித் தகராறில் பதினோரு வருஷம்
அப்பாவுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அதே எழுத்து.

எய்விந்துர்
ஒரு தடவையும் வாசலுக்கு வரவில்லை.
இருட்டாத ஐஸ்லாந்து இரவில்
அவர் வயலைத் தாண்டி நடந்து வருவதை
அம்மா சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள்.
ஃப்ளாஸ்கில் காபி ஊற்றி
வேலித் தூணின்மேல் வைத்தாளாம்.
காலையில் அது
கழுவித் துடைத்து
அதே தூணில் கவிழ்ந்திருந்தது.
எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை இருவரும்.

ஜூனில், கடைசி ஆடும் ஈன்ற பிறகு,
நான்தான் அவர் நிலத்துக்குப் போனேன்.
வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன்.
அவர் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.
அந்தக் கம்பிதான். அதே வேலி.
நிமிரவில்லை.

நான் வாயைத் திறக்குமுன்
"முந்நூற்றொன்றுக்கு மடி வீங்கியிருக்கிறது," என்றார்,
"இடது பக்கம். கவனிச்சுக்கோ."

கவனிச்சுக்கறேன் என்றேன்.
கம்பியின் இந்த முனையைக்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.