எடைக்கு எடை

எத்தனை பேர் என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.
ஒருத்திதான்.
குழந்தைகள்?
இருக்கிறார்கள். பெர்த்தில் ஒருவன், கேப் டவுனில் ஒருத்தி,
இருவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.
அவள் பூஜ்யத்தை அழுத்தினாள்.
கணவர் என்று கேட்க வாயெடுத்து
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
அவர் நன்றாக இருக்கிறார் அம்மா,
சாட்ஸ்வொர்த்தில், சோபாவில், கிரிக்கெட்டோடு.

மணிக்கட்டில் பச்சைப் பட்டை.
கே. கோவெண்டர். ஒருவர். இரண்டு இரவு.
முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டில்
பிஞ்சுக் கைகளுக்கு நான் கட்டிய அதே பட்டை,
பிறந்த நேரமும் எடையும்தான் இதில் இல்லை.

காலையில் நிதானமாக மூன்று தட்டு.
யார் பாலையும் ஆற்றவில்லை.
யாரோ கடித்து வைத்த ரொட்டி ஓரத்தை
வீணாகிறதே என்று தின்னவில்லை.

பிறகு செயற்கை ஆறு.
ரப்பர் வளையத்தில் மல்லாந்து
நீர் இழுத்த பக்கம் போனேன்,
பாலத்தின் கீழே, பொய்ப் பாறையைத் தாண்டி,
மறுபடி பாலத்தின் கீழே.
ஏழாவது சுற்றில் ஒரு பையன்
கூடவே நீந்தி வந்து கேட்டான்:
ஆன்ட்டி, தொலைந்துவிட்டீர்களா?
ஆமாம், யாரிடமும் சொல்லாதே என்றேன்.
சத்தியம் செய்துவிட்டு மூழ்கிப்போனான்.

சுறாக் கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம்.
அடுத்ததைப் பார்க்கலாம் வா என்று
கையைப் பிடித்து இழுக்க ஆளில்லை.
சுறாவும் அவசரப்படவில்லை.

மலையிலிருந்து விழும் படகில்தான் சிக்கல்.
இருவர் இருக்கை. ஒருவர் ஏறினால் சாயுமாம்.
பொறுங்கள் மா என்று ஓடிய லிண்டோ
நாற்பது கிலோ மணல்மூட்டையைத் தோளில் சுமந்து வந்து
என் பக்கத்தில் உட்காரவைத்து
பெல்ட்டும் மாட்டிவிட்டான்.
இவருக்குப் பெயர் உண்டா?
மிஸ்டர் ஃபான் வைக் என்போம்,
எங்கள் மேனேஜர். அவருக்குத் தெரியாது.

ஏறும்போது சங்கிலி கடகடவென்றது.
உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்றது.
எத்தனை பெண்களை அதட்டியிருப்பேன்,
கத்தாதே, கத்தினால் தெம்பு போகும்,
பல்லைக் கடி, மூச்சைப் பிடி, தள்ளு.
அவர்கள் அத்தனை பேரும்
என் தொண்டைக்குள் வரிசையில் நின்றிருந்தார்கள் போல.
படகு விழுந்தது.
கத்தினேன்.
நுரை அடங்கிய பிறகும் கத்திக்கொண்டிருந்தேன்.
மிஸ்டர் ஃபான் வைக் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வரும் வழியில் படம் விற்கிறார்கள்.
கடைவாய்ப் பல் வரை தெரிய நான்,
பக்கத்தில் அமைதியாக, முழுக்க நனைந்து மூட்டை.
நூற்றிருபது ராண்ட்.
இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று எனக்கு.
இன்னொன்று யாருக்கென்று இன்னும் முடிவாகவில்லை.

சாயங்காலம் ராட்டினம்.
இந்தக் கரை மணலில் எங்கள் கால் படக் கூடாதென்று
பலகை நின்ற நாட்களில்
பஸ் ஜன்னல் வழியே ஒரு ராட்டினத்தை எண்ணியிருக்கிறேன்,
பதினாறு கூண்டு.
அது இதில்லை. இதை எண்ணவும் இல்லை.
டிக்கெட்டை நீட்டினேன், கதவைச் சாத்தினார்கள்.

நான் மேலே போன சமயம் பார்த்து
கரண்ட் போனது.
கீழே பாட்டு நின்றது, விளக்குகள் வரிசையாய்ச் செத்தன.
யாரோ விசிலடித்தார்கள். ஜெனரேட்டர் இருமியது.
துறைமுகத்துக்கு வெளியே
முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் மட்டும் வெளிச்சமாக,
இருட்டில் கடல் ஆரம்பிக்கும் இடமே தெரியாமல்.

போன் அடித்தது.
மாங்காய் ஊறுகாய் எங்கே வைத்தாய்?
மேலே என்றேன்.
நான் சொன்னது என்னை.
அங்கே ஒரு அலமாரிக் கதவு திறக்கும் சத்தம்.
இல்லையே கோகிலம், இங்கே இல்லையே.
நன்றாகப் பாருங்கள் என்றேன்.

கூண்டு லேசாக ஆடியது.
காற்றில் உப்பும் யாரோ பொரிக்கும் மீனும்.
அவர் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.