எழுபத்திரண்டில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்.
வெட்டூர்ணிமடத்தில், மாடியில், ஃபேன் மட்டும் ஓடும் லேபில்
யாரோ ஒருவரின் கீழ்த்தாடைக்கு
அவர் சிரிப்பின் நிறத்தில்.
ஆறே காலுக்குக் குளச்சல் பஸ்.
ஒன்பது மணிக்கு மேல் அதே கை,
அதே உருப்பெருக்கிக் கண்ணாடி,
மழுங்கிப்போனதென்று லேபில் தள்ளிவிட்ட துளைமுனைகள்,
சாப்பாட்டு மேசையில் ஒரு டச்சுக் கப்பல்.

எழுபத்திரண்டில் ஒன்று என்பது கணக்கு.
அரை மில்லிமீட்டர் நான் தவறினால்
கடலில் அது இரண்டு விரல் இடைவெளி.
இரண்டு விரல் இடைவெளியில்
எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று
இந்தத் தெருவில் யாரிடமும் கேட்கலாம்.

பலகைக்கு ரப்பர் மரம்.
குலசேகரத்தில் ஜன்னல் சட்டம் அறுத்த மிச்சம்,
கிலோ கணக்கில்.
புட்டுக்குற்றியின் ஆவியில் பத்து நிமிடம் காட்டினால்
வளைய ஒப்புக்கொள்ளும்.
ஒருநாள் காலைப் புட்டில் மரவாசம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
சொல்ல வீட்டில் நான் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுப் பனியடிமை
கடலுக்குப் போகாத ஞாயிறுகளில்
கதவில் சாய்ந்து பார்ப்பார்.
“தோத்தவன் கப்பலயா பிள்ள கெட்டுத?”
ஜெயித்தவர்களுக்குக் கப்பலே இல்லையே அண்ணே, என்றேன்.
கொஞ்சநேரம் யோசித்தார்.
“அதும் சரிதான்.
நாம கரையில தொளவயத் தோள்ல வச்சுக்கிட்டுல்லா நின்னோம்.
தூரத்துல பாத்தவனுக்குத் தோக்குன்னு தோணிச்சாம்.”
முந்தாநாள் நின்றுவிட்டு வந்தவர்போல
தோளைத் தடவிக்கொண்டார்.
போகும்போது சுண்டுவிரலால் ஒரு கயிற்றைத் தட்டி
“இது எளக்கமா கெடக்கு” என்றார்.
கிடந்தது.
இருபத்தியொரு முடிச்சை அவிழ்த்தேன்,
தெரிந்த கெட்ட வார்த்தைகள் பதினான்கிலேயே தீர்ந்துவிட்டன.

அவர் மகள் ஷைனிலா, மூன்றாம் வகுப்பு,
பீரங்கியைப் பார்க்கவில்லை, பாயைப் பார்க்கவில்லை.
“இத்தன பேரும் எங்கக்கா ஒண்ணுக்குப் போவாவ?”
நான் செய்த எதையும் இதுவரை யாரும்
இவ்வளவு சரியாக விசாரித்ததில்லை.
முன்மூக்கில், சிங்கத்தலைக்குப் பின்னால்,
ஓட்டை போட்ட இரண்டு பலகை இருக்கைகளை
ஊசிமுனையால் காட்டினேன்.
அல அடிச்சா?
அலதான் கழுவும்.
அவளுக்குத் திருப்தி.
அந்த இரண்டு ஓட்டைக்கு எனக்கு
ஒரு முழு இரவு போயிருந்தது.

ஆடியில் காற்று உப்பைச் சுமந்து உள்ளே வந்தது.
இடப்பக்கம் ஏழாவது பலகை
மூச்சை இழுத்துப் பிடித்தவரின் விலா மாதிரி
எழும்பி நின்றது.
நனையவே போகாத கப்பல்,
முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தே
கடலைக் குடிக்கிறது.
மரத்தை வகுத்தேன், பித்தளையை வகுத்தேன்,
நூலைக்கூட மெழுகு தேய்த்து வகுத்தேன்.
ஈரத்தை எழுபத்திரண்டால் வகுக்கும் அரம்
எந்தக் கடையிலும் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குத்
திங்கள்சந்தை நேசையனிடம் அளவு கொடுத்தேன்.
உடம்பின் அளவு.
மூக்கிலிருந்து முன்னே நீளும் மரத்தை மறந்துபோனேன்.
கடைவாய்ப் பல்லில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச்
சண்டை போடுகிறவள்
ஏழு சென்டிமீட்டரை மறந்தேன்.
“வெட்டிரலாமா?” என்றார் நேசையன்.
எதை என்று நான் கேட்கவில்லை.
பக்கக் கதவைக் கழற்றிக் கொடுத்தனுப்பினேன்.

எழுபத்திரண்டு மடங்கு சுருங்கிய பிறகும்
இந்த வீட்டுக்குப் பெரிதான ஒன்று
இப்போது பெட்டிக்குள் பாதி, வெளியே பாதி,
தினமும் என் ரசத்தைக் குறிவைத்து நிற்கிறது.

மிச்ச மரத்தில் தொளவை செதுக்கத் தொடங்கியிருக்கிறேன்.
ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர்.
லேபின் சிவப்பு மெழுகில் ஊன்றி
மேசையின் மறுமுனையில், வரிசையாக.
இருபத்தாறு ஆகிவிட்டது.
ஆட்களைச் செய்வதில்லை,
பல் தவிர முகத்தில் எதுவும் எனக்கு வராது.

நேற்று விளக்கை அணைத்துவிட்டு
வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.
தெருவிளக்கு கொஞ்சம் உள்ளே விழுந்திருந்தது.
எனக்கும்
தோக்காகத்தான் தெரிந்தது.