ஒன்றரை லிட்டர்

சோளமாவை வெந்நீரில் கரைத்து
சிவப்புப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தால்
ஒன்பதரை மணி பேட்சுக்கு ரத்தம் தயார்.
கொஞ்சம் காபித்தூளும் போடுவேன்,
இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கிறதென்று
பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள்.

லாஸ்பேட்டையில் படித்தது எலக்ட்ரானிக்ஸ்.
வில்லியனூர் தாண்டி இந்த நர்சிங் கல்லூரியில்
ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
பொம்மைகளுக்கு நாடித்துடிப்பு தருகிறேன்,
மைக்கில் அவர்களுக்காகப் பேசுகிறேன்.
நெஞ்சுவலிக்காரர் எனக்குச் சுலபம்.
ஆஸ்துமா இன்னும் சுலபம், பீடி குடித்த காலம் கைகொடுக்கிறது.
போன செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று முறை செத்தேன்.
மூன்றாவது தடவை மதியத் தயிர்சாதம் எதுக்களித்து
இறந்தவர் ஏப்பம் விட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

இந்த வாரம் பிரசவம்.
கட்டிலில் கிடப்பவளுக்கு வெளிநாட்டு மூக்கு,
மெழுகுபோல் இளஞ்சிவப்புத் தோல்,
கேஸ் ஷீட்டில் பெயர் மட்டும் அஞ்சலாட்சி,
வயது இருபத்தாறு, ஊர் பாகூர்,
குழந்தை பிறந்து நாற்பது நிமிடம்.
நான் பேச வேண்டியது தாளில் இருக்கிறது:
"ஐயோ சிஸ்டர், ரத்தம் போகுது, காப்பாத்துங்க!"
ஒத்திகை பார்த்தேன்.
கூத்தில் பெண்வேஷம் கட்டியவன்தான் அழுதான்.

ராத்திரி என் நகக்கண்ணில் சிவப்பைப் பார்த்து
யாருக்கு என்றாள் சுகுணவல்லி.
சொன்னேன். தாளைக் காட்டினேன்.
மீன் கழுவிய கையைத் துடைக்காமலே
ஓரத்தைப் பிடித்து வாசித்தாள்.
"இப்படில்லாம் கத்த மாட்டோம்.
கத்துற தெம்பு இருந்தா ஏன் சாகப்போறோம்?
குளிருதும்போம்.
அவ்வளவுதான் வரும்."
தாளில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது.

வியாழன். பக்கத்தில் டியூட்டர் மேடம்,
கையில் செக்லிஸ்ட்.
உள்ளே அமலோற்பவம், மூன்றாம் ஆண்டு,
கையுறை ஒரு அளவு பெரிசு.
பி.பி. பார்த்தாள், எழுதினாள்.
நூற்றிப்பத்தைத் தொண்ணூறுக்கு இறக்கினேன்.
அதையும் எழுதினாள்.
தாளைக் கவிழ்த்துவிட்டு
மைக்கை வாயருகே இழுத்தேன்.
"குளிருது சிஸ்டர்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அமலோற்பவம் ஏசியைப் பார்த்தாள்.
ரிமோட்டை எடுத்து இருபத்தாறில் வைத்தாள்.

இன்னொரு தரம் சொன்னேன்.
சொல்லும்போதே
இதை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

கடலூர். நவம்பர். மஞ்சக்குப்பத்தில் மழை.
ஏழாம் கட்டில்.
குளிருதுங்க என்றாள்.
எழுந்துபோய் ஃபேனை அணைத்தேன்,
போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
இஞ்சி போட்ட டீ. நன்றாக இருந்தது,
இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன்.
பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்தான்
தரையில் சொட்டுவதைப் பார்த்துச் சத்தம் போட்டாளாம்.
பதினோரு வருஷத்தில் ஒருநாளும்
இதைச் சொல்லிக்காட்டியதில்லை அவள்.
நேற்றுகூடத் தாளைத்தான் திருத்தினாள்.

அமலோற்பவம் கம்பளி கொண்டுவந்தாள்.
போர்த்துவதற்காகப் பழைய விரிப்பை விலக்கியபோது
என் சோளமாவும் காபித்தூளும்
மெத்தை விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தன.
"அம்மா" என்றாள்,
பொம்மையைத்தானா தெரியவில்லை.
கம்பளி கீழே விழுந்தது.
ஒரு கை தொப்புளுக்குக் கீழே கருப்பையைத் தேடி
அழுத்தித் தேய்த்தது,
மறுகை மணியை அடித்துக்கொண்டே இருந்தது.
"யாராவது வாங்களேன், யாராவது!"

தேய்க்கத் தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில்
நான் பி.பி.யை ஏற்றியிருக்க வேண்டும்.
விரல் பொத்தான்மேலேயே இருந்தது.
மேடம் முழங்கையால் இடித்தபிறகுதான்
அஞ்சலாட்சி பிழைத்தாள்.

முடிந்ததும் தாளில் என் பழைய வரியை அடித்துவிட்டு
"குளிருது" என்று எழுதிக்கொண்டார் மேடம்.
யார் சொல்லிக்கொடுத்தது?
வீட்டில், என்றேன்.
ஸ்டாஃப் நர்ஸா?
இல்லை மேடம், ஜாக்கெட் தைக்கிறாள்.

தரையைத் துடைத்தேன்.
மூன்று வாளி மாற்றியும்
தண்ணீர் இன்னும் லேசாக ரோஸ்.
இன்னொரு வாளி பிடித்தேன்.